கழித்த மல்லாட்டை

எனக்கு வந்தது என்ன வியாதி என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்டதோடு போகிறார்களா என்றால் அதுவும் இல்லை. "மஞ்சக்காமாலதான? அதுக்கா இவ்ளோ நாளு ஆஸ்பத்திரி?" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வார்கள். மஞ்சள் காமாலைதான். அது எங்கிருந்து வந்தது என்று சொன்னால் மட்டும் நம்பமாட்டார்கள். அதனால் எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும், நான் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறேன். இப்போது எனக்கு இருக்கும் தெம்புக்கு அவ்வளவுதான் முடியும்.

என் பெயர் பூங்காவனம். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். பத்தாவது வரை படித்தேன். வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. ஒரே பெண் கவிதா. அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு இருப்பது ஒரு கிணறும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நிலமும். அதில் மல்லாட்டை போடுவோம். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம், ஐப்பசி மழை நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டது. பிடுங்கிப் போட்ட செடி வயலிலேயே ஊறியது. காயைப் பறித்துக் களத்தில் கொட்டினால் மறுபடியும் மழை. வெயில் காட்டவே முடியவில்லை. வேறு வழியில்லாமல் மூட்டை கட்டி வீட்டுக்குள் அடுக்கினோம். மூட்டைக்குள் கையை விட்டால் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

மார்கழியில் மறுபடி விதைக்க வேண்டும். விதைக்கு மிஷினில் உடைத்தால் பருப்பு பிளந்துபோகும். கையால்தான் உடைக்க வேண்டும். ஓடு விரலைக் கிழிக்குமே என்று முதல்நாள் சாயங்காலமே காயில் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைப்போம். காலையில் ஓடு நமத்துப்போய்ச் சுலபமாக உடையும். எங்கள் ஊரில் அப்படிச் செய்யாத வீடு கிடையாது. உடைத்ததில் திரண்ட பருப்பு விதைக்கு. அதற்கு அடுத்தது விற்பனைக்கு, கமிட்டி என்று நாங்கள் சொல்கிற ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போகும். சுருங்கியது, கறுத்தது, பச்சை பூத்தது எல்லாம் தனி முறத்தில் கழியும். அதை யாரும் குப்பையில் கொட்டமாட்டோம். அது வீட்டுக்கு. அதில்தான் எண்ணெய் ஆட்டுவோம், சட்னி அரைப்போம். புண்ணாக்கு மாட்டுக்கும் கோழிக்கும்.

நாள் முழுக்க உட்கார்ந்து உடைக்கிறவள் வாய் சும்மா இருக்குமா? விதைப் பருப்பைத் தின்பது எங்களுக்குப் பாவம். விற்கிற பருப்பைத் தின்றால் எடை குறையும். கழித்ததைத் தின்றால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. கார்த்திகை முழுக்க நான் அதைத்தான் தின்றேன். நடுநடுவே ஒன்று கசக்கும். உடனே இன்னும் இரண்டைப் போட்டு மென்றால் கசப்பு போய்விடும்.

தை பிறந்ததும் சோற்றைக் கண்டாலே குமட்டியது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் சிரித்தார்கள். "இன்னா பூங்காவனம், கவிதாவுக்குத் தம்பி வரானா?" என்று ஒருத்தி கேட்டாள். வந்தால் உன் வீட்டில்தான் விடுவேன், வளர்த்துக்கொடு என்றேன். நாலைந்து நாளில் சிறுநீர் டீ டிகாஷன் மாதிரி போனது. கண் மஞ்சளானதை முதலில் பார்த்தவர் வீட்டுக்காரர்தான்.

காமாலைக்கு எங்கள் ஊரில் டாக்டரிடம் போவது வழக்கமில்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிப்பது, கூடவே பத்தியம். உப்பில்லை, புளியில்லை, எண்ணெய் ஒரு சொட்டுக்கூட இல்லை. மல்லாட்டையைத் தொடக்கூடாது. கஞ்சியும் மோர்சோறுமாக ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தேன். கண் வெளுத்தது, பசி எடுத்தது. கீழாநெல்லிக்குக் கற்பூரம் காட்டாத குறைதான்.

பிழைத்தேனே தவிர உடம்பு துரும்பாகிவிட்டது. ரவிக்கை தோளில் நிற்கவில்லை. வீட்டுக்காரர் அதைப் பார்த்துப் பார்த்து மருகினார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை அவர். ஒருநாள் நான் எழுந்து வருவதற்குள் பின்பக்கம் உரலில் இடிக்கிற சத்தம் கேட்டது. மல்லாட்டையை வறுத்துத் தோல் நீக்கி வெல்லம் போட்டு இடித்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அடுப்பங்கரைப் பக்கமே வராதவர். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "பாருடி கூத்த, உங்க வூட்ல ஆம்பள ஒலக்க புடிக்கிறாரு" என்றாள். அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

"தெனம் காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கணக்கு தப்பக்கூடாது" என்றார் என்னிடம். "டவுன்ல டானிக் விக்கிறான். அதவிட இது சத்து."

விதை போய், விற்றது போய், வீட்டில் இருந்தது எந்தப் பருப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. அதிலும் அவர் பொறுக்கித்தான் போட்டார், பாவம். கறுத்ததையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் இடித்தார். எண்ணெய்ப் பலகாரம் இல்லாத நாக்குக்கு அந்த உருண்டை அமிர்தமாக இருந்தது. கவிதா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பாள். அவளுக்குப் பாதி கொடுத்துவிட்டுத்தான் நான் தின்பேன்.

சித்திரையில் மறுபடியும் கண் மஞ்சளானது. இந்த முறை கீழாநெல்லி கேட்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தால் கனமாகத் தட்டுப்பட்டது. வாந்தி நிற்கவில்லை. மோரும் தங்கவில்லை. வீட்டுக்காரர் பால்மாட்டை விற்றுவிட்டு என்னைப் பஸ் ஏற்றித் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்தார். வழியெல்லாம் அவர் தோளில் சாய்ந்துகொண்டு வந்தேன். கல்யாணமான நாளிலிருந்து பஸ்ஸில் அப்படிச் சாய்ந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கக் காத்திருந்தது ஒரு யுகம். பெஞ்சில் இடமில்லை, தரையில் உட்கார்ந்தேன். உள்ளே போனதும் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்காரர் குடிப்பாரா?" என்பது. வியாதி எனக்கு, கேள்வி அவருக்கு. குடிக்கமாட்டார் என்றேன். "நீ?" என்றார் அந்தச் சின்ன டாக்டர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "காப்பியே அரை டம்ளருக்கு மேல குடிக்கிறதில்ல சார்" என்றேன். பிறகு கீழாநெல்லி குடித்ததற்குத் திட்டு. ஈரல் கெட்டவர்களிடம் அந்த இரண்டைத்தான் கேட்பார்கள் போல, சாராயமா, நாட்டு மருந்தா என்று. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பெண்கள் வார்டில் கட்டில் கிடைத்தது. தினமும் ரத்தம் எடுத்தார்கள். கிருமியால் வருகிற காமாலையா என்று பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. ஸ்கேன் எடுக்க வெளியே அனுப்பினார்கள். குளிர்ந்த களிம்பைத் தடவி வயிற்றின்மேல் ஒரு கட்டையை வைத்து உருட்டினால் உள்ளே இருப்பது டிவியில் தெரியும், அதுதான் ஸ்கேன். ஈரல் கறுப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில் வெளுத்துத் தெரிகிறது, வீங்கியும் இருக்கிறது, கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்றார்கள்.

எலும்பும் தோலுமாகக் கிடக்கிறவளுக்குக் கொழுப்பாம். வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சிரித்தார். "ஒனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நான் எப்பவோ சொன்னேன், டாக்டருக்கு இப்பதான் தெரிஞ்சிருக்குது" என்றார். நானும் சிரித்தேன். சிரித்தால் விலாவில் வலித்தது.

பக்கத்துக் கட்டிலில் அடி அண்ணாமலை ஊரைச் சேர்ந்த முனியம்மா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் மோர் விற்கிறவள். அவளுக்கும் ஈரல்தான், வயிற்றில் நீர் கோத்திருந்தது. பானை மாதிரி வயிற்றை வைத்துக்கொண்டு என்னைத் தேற்றுவாள். "நீ சின்ன வயசு, தேறிடுவ. நான் வித்த மோரெல்லாம் என் வயித்துல வந்து நிக்குது பாரு" என்பாள். அவள் மருமகள் கொண்டுவருகிற ரசத்தில் பாதி எனக்கு வரும்.

சித்ரா பௌர்ணமி அன்று ஊரே நிரம்பிவிட்டது. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. வார்டு ஜன்னலுக்குக் கீழே ரோட்டில் "அரோகரா" சத்தம் ஓயவில்லை. முனியம்மா, "இன்னிக்கு நல்ல யாவாரம் போச்சே" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்காரர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். இருட்டுகிற நேரத்தில், செருப்பு அறுந்து, வேட்டியெல்லாம் புழுதியாக வந்து நின்றார். அத்தனை கூட்டத்தில் நசுங்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தது உருண்டை டப்பாவை. எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது. ஆனாலும் அவர் எதிரிலேயே ஒன்றை முழுக்கத் தின்றேன். அவர் முகத்தைப் பார்த்தால் தின்னாமல் இருக்க முடியாது.

ஈரலில் ஒரு துளி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர். அவர் நரைத்த தலை, மெதுவாகப் பேசுவார். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, விலா எலும்புக்கு நடுவே நீளமான ஒரு ஊசியை விட்டார்கள். மூச்சைப் பிடி என்றார்கள். பிடித்தேன். தோள்பட்டை வரை ஒரு இழுப்பு இழுத்தது. எடுத்ததைச் சீசாவில் போட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்து எழுதி அனுப்புவார்களாம், காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

காத்திருந்த அந்த நாட்களைப் பற்றி எழுதக் கை வரவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. சொறிந்து சொறிந்து நகக்கண்ணில் ரத்தம். ராத்திரி தூக்கமே கிடையாது. சாமியைக் கும்பிட்டேன், பிறகு திட்டினேன், பிறகு இரண்டையும் விட்டுவிட்டேன். மலை ஜன்னலில் தெரிந்தது, அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. நான் செத்தால் கவிதாவுக்கு யார் தலை பின்னுவார்கள் என்பது ஒன்றுதான் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது. அவருக்குப் பின்னத் தெரியாது. ஒருநாள் காலை கண் விழித்தபோது முனியம்மாவின் கட்டிலில் படுக்கையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அவள் மருமகள் ரசத் தூக்கை மட்டும் மறந்துவிட்டுப் போயிருந்தாள்.

சென்னையிலிருந்து பதில் வந்த அன்று காலை வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் கவிதாவை அழைத்துவர. பெரிய டாக்டர் தனியாக வந்து கட்டிலோரம் நின்றார். ஈரலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கொழுப்பு சொட்டு சொட்டாக அடைந்துகிடக்கிறது, சில இடத்தில் தழும்பும் விழுந்திருக்கிறது என்றார். பேசிக்கொண்டே தலைமாட்டில் இருந்த டப்பாவைப் பார்த்தார். "இது என்னம்மா?" என்றார்.

"மல்லாட்ட உருண்ட சார். எங்க வூட்டுக்காரு செய்யிறது. சொந்த நெலத்துல வெளஞ்சது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் ஒன்றை எடுத்து உடைத்து முகர்ந்தார். "எந்தப் பருப்புல செய்வாரு?"

"வெதைக்கும் விக்கிறதுக்கும் எடுத்தது போக மீதி, கழிச்சது சார்."

"கழிச்சதுன்னா?" என்று கேட்டார். ஈர மூட்டை, தண்ணீர் தெளிப்பது, பச்சை பூத்த பருப்பு, நான் நாள் முழுக்க மென்றது எல்லாம் சொன்னேன். கோழி வளர்க்கிறீர்களா என்று கேட்டார். புண்ணாக்கு தின்ற குஞ்செல்லாம் மாசியில் வரிசையாகச் செத்ததைச் சொன்னேன். கண் பட்டுவிட்டது என்று நாங்கள் பூசணிக்காய் உடைத்ததையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். பருப்பில் பச்சையாகப் படிகிறதே அது ஒரு பூஞ்சை. ஈரமும் சூடும் இருந்தால் வளரும். அது ஒரு விஷத்தைக் கக்கும், அதற்கு அஃப்லடாக்ஸின் என்று பேர். வறுத்தாலும் போகாது, கொதித்தாலும் போகாது. நம் பக்கத்தில் ஆட்டுகிற எண்ணெயிலும் கொஞ்சம் இறங்கும். கறுத்ததைப் பொறுக்கிப் போட்டாலும் பயனில்லை, நல்லது மாதிரி தெரிகிற பருப்புக்குள்ளும் இருக்கும். "நம்ம சாப்பாட்டுல இருக்கற கொழுப்பு ஈரலுக்குத்தான் வரும். ஈரல் ஒரு புரதத்தைச் செஞ்சு, அதுல கொழுப்பை வச்சுக் கட்டி ரத்தத்துல வெளியே அனுப்பும். இந்த விஷம் அந்தப் புரதத்தைச் செய்ய விடாது. அப்ப கொழுப்பு எங்க போவும்? உள்ளயே தங்கும். தங்கித் தங்கி செல்லு சாவும்."

எனக்குப் புரிந்தது. கமிட்டியில் சாக்கு தீர்ந்துபோனால் வந்த மல்லாட்டையெல்லாம் அங்கேயே குவிந்து கிடக்கும், அந்த மாதிரி.

"இதுதான்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதும்மா. அந்த விஷத்தை அளந்து பாக்க இங்க வசதி இல்ல. ஆனா நீங்க பத்தியத்துல இருந்தப்ப தேறினீங்க, உருண்டை தின்னப்ப மறுபடி விழுந்தீங்க. எனக்கு அது போதும்" என்றார். தழும்பு விழுந்த இடம் விழுந்ததுதான், அது மாறாது. இதோடு நிறுத்தினால் மீதி ஈரலை வைத்து ஓட்டலாம், எத்தனை காலம் என்று சொல்லமாட்டேன். நாளைக்கு அதில் கட்டி வரலாம், வராமலும் போகலாம். இன்னொரு தடவை இப்படி ஆனால் என் கையில் ஒன்றும் இல்லை. இப்படியே சொன்னார், பூசி மெழுகவில்லை.

எழுந்தவர் திரும்பிக் கேட்டார். "வீட்டுல வேற யாரு இதைத் தின்னாங்க?"

அதுவரை எனக்காக அழுதுகொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகு அழுகை நின்றுவிட்டது. கவிதா தினமும் பாதி தின்றதைச் சொன்னேன். குழந்தைகளுக்கு இது ஜாஸ்தி கெடுதல், அவளையும் கூட்டிவந்து ரத்தம் பார்க்க வேண்டும், இன்றையிலிருந்து அவள் இதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் வரை நான் பட்டதை இந்த வியாதியிலேயே வேறெப்போதும் படவில்லை. எனக்கு மட்டும் என்றால் சொல்லியே இருக்கமாட்டேன். வாய்க்குப் பிடிக்கவில்லை என்று சண்டை போட்டு டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பேன், என் வாய்க்கு அது ஒன்றும் புதிதில்லை. கோபித்துக்கொண்டு போயிருப்பார், ஆனால் தன் கையால் கொடுத்தது என்ன என்று சாகிறவரை அவருக்குத் தெரிந்திருக்காது. கவிதா இருக்கிறாளே. அவளுக்காகச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு மாதமாக விடிகாலையில் எழுந்து உலக்கை பிடித்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது?

மத்தியானம் இரண்டு பேரும் வந்தார்கள். கையில் புது டப்பா. கவிதாவைக் கீழே குழாயில் தண்ணீர் பிடித்துவர அனுப்பிவிட்டு, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னதை அப்படியே, வார்த்தை மாறாமல் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"டாக்டருக்கு இன்னா தெரியும்?" என்றார் கடைசியில். "பொறந்ததுலேர்ந்து தின்னுறோம். எங்கப்பா தின்னாரு, ஊரே தின்னுது. வெசம்னா ஊரு காலியாயிருக்காதா?"

"கோழிக்குஞ்சு செத்துச்சுல்ல?"

"அது வேற."

"கவிதாவுக்கும் ரத்தம் பாக்கணுமாம். அவளுக்குத் தரக்கூடாதாம்."

"இன்னா பேசுற நீ?" என்றார். குரல் உயரவில்லை. "நான் வெசத்தயா இடிச்சேன்? பாத்துப் பாத்துப் பொறுக்கித்தான் போட்டேன். ஒண்ணு கறுப்பு இருக்குதான்னு காட்டு."

"நீங்க வேணும்னா பண்ணீங்க? நான் அப்படிச் சொன்னேனா?"

டப்பாவைத் திறந்து ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டார். "பாரு. நான் தின்னுறேன் பாரு. எனக்கு இன்னா ஆவுதுன்னு பாரு" என்றார். அதை விழுங்குவதற்குள் இன்னொன்று. வேண்டாம் என்று கையைப் பிடித்தேன், உதறினார். எனக்குச் செய்தவர் இத்தனை நாளில் ஒன்றைக்கூட வாயில் போட்டதில்லை, எனக்குக் குறைந்துவிடும் என்று. இப்போது மென்றுகொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் ஓடியது. எதிர்க் கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கவிதா தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். அப்பா அழுவதை அவள் கவனிக்கவில்லை, திறந்த டப்பாவைத்தான் பார்த்தாள். ஓடிவந்து எப்போதும் போலக் கையை நீட்டினாள்.

"அப்பா, எனக்கு ஒண்ணு."

அவர் கையில் ஒரு உருண்டை இருந்தது. அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கொடுத்துவிடுவாரோ என்று நான் கட்டிலிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அவர் அதை மெதுவாக டப்பாவிலேயே வைத்தார். இரண்டு கையாலும் மூடியை அழுத்தி மூடினார். அவள் கையை நீட்டியபடியே நின்றாள். அவர் வாய் நிறைய இருந்தது. அதை அவர் மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை.